முகத்துவாரம் யார் பொறுப்பு? பழவேற்காட்டில் வெள்ள வடிகாலும் ஊர்க் கட்டுப்பாடும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு வடிகால் என்பது தெருக் கால்வாய் அல்ல. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம்தான். அது மணலால் அடைபட்டால் படகு கடலுக்குப் போகாது, உப்புநீர் ஏறாமல் இறாலும் நண்டும் குறையும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணியாறு கொண்டுவரும் வெள்ளம் வடிய வழியின்றி ஏரியிலேயே ஏறி நிற்கும். அதைத் திறந்து வைப்பது யார் கடமை? ஊரின் உரிமையையும் கடமையையும் சட்டம் இரண்டாகப் பிரித்துவிட்டதுதான் இந்தப் பொறுப்புக் குழப்பத்தின் வேர் என்பது என் வாதம்.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் என்னும் மீனவச் சாதியினர் ஏரியில் 'பாடு' முறைப்படி வலையிடுகிறார்கள். எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டலாம் என்பதை ஊர்க்கூட்டம் முறை வைத்துப் பிரிக்கும். பாட்டில் பங்கு பெறும் தலைக்கட்டு, அதாவது குடும்பம், ஊர் வரியும் கொடுக்க வேண்டும், பொது வேலைக்கும் வர வேண்டும். முகத்துவாரம் தூர்ந்த ஆண்டுகளில் ஊர்ப் பணம் திரட்டி மண்வெட்டியாலும் பின்னாளில் பொக்லைனாலும் மீனவர்களே மணலை வெட்டித் திறந்திருக்கிறார்கள். இதில் நுட்பம் உண்டு. ஏரி மட்டம் கடல் மட்டத்தைவிட உயர்ந்து, கடல் வற்றும் நேரம் பார்த்து ஒரு குறுகிய வாய்க்கால் வெட்டினால் போதும். பாயும் நீரே மணலை அரித்து வழியை அகலமாக்கிக்கொள்ளும். நேரம் தவறினால் வெட்டிய வாய்க்காலை அலை மூடிவிடும்.

இந்த அறிவுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயத்துக்குள் வரும் நீரையோ வெளியேறும் நீரையோ திருப்பவும் தடுக்கவும் கூட்டவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. ஆறு நீர்வளத் துறையிடம், படகு மீன்வளத் துறையிடம், கரை கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம். ஆரணியாற்றின் பிச்சாட்டூர் நீர்த்தேக்கமோ ஆந்திரத்தில் இருக்கிறது. அனுமதிக்கும் அதிகாரம் பலரிடம் இருக்க, மண் அள்ளும் சுமை மட்டும் ஊரிடம் நின்றது.

சென்னை அடுக்குமாடிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே பொதுப் பகுதிகளை நிர்வகிக்க உரிமையாளர் சங்கத்துக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழக்கு வந்தால் எல்லைச் சுவரைக் காட்டிப் பொறுப்பைப் பிரிக்கலாம். பழவேற்காட்டில் ஊர்க்கூட்டம் செய்யும் அதே வேலைக்குச் சட்டப் பெயரே கிடையாது.

ஆனாலும் ஊர்க் கட்டுப்பாட்டை அப்படியே போற்ற என்னால் முடியாது. கையால் இறால் பிடிக்கும் இருளர்களும், பட்டினவரல்லாத பிற மீனவர்களும் பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். வெள்ளம் அந்த எல்லையைப் பார்ப்பதில்லை. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

சுமார் 27 கோடி ரூபாயில் முகத்துவாரத்தின் இரு பக்கமும் நேர்கல் சுவர் அமைக்கும் திட்டத்தை அரசு எடுத்துக்கொண்டது நல்ல திருப்பம். ஆனால் சுவர் மட்டும் மணலை நிறுத்திவிடாது. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தடுப்பு வந்தால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். எண்ணூர் துறைமுகத்துக்கு வடக்கே நேர்ந்தது இதுதான். ஆகவே தூர்வாருவது ஆண்டுதோறும் தொடரும் வேலை.

அந்த வேலைக்கு எந்தத் துறை பணம் ஒதுக்கும், வெள்ளக் காலத்தில் வெட்டும் உத்தரவை யார் கொடுப்பார், வடபுறக் கரை அரித்தால் இழப்பீடு யார் தருவார் என்பதை அரசு ஆணையாகவே எழுதி வெளியிட வேண்டும். அதை எழுதும் குழுவில் பாடு முறை ஊர்களோடு இருளர் குடியிருப்புகளுக்கும் வாக்குரிமை வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த ஆணை வர வேண்டும்.