ஏட்டளவில் ஒரு கலாசாலை

அமெரிக்காவின் கொனெக்டிகட் நாட்டிலே இரும்புக் கொல்லர் ஒருவர், மக்களைப் படிப்பிப்பதற்காகக் கடன்பட்டார். அவர் மைந்தர் ஆபிரகாம் போல்ட்வின் 1772இல் யேல் கல்லூரியிற் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். விடுதலைப் போரிலே படையினருக்குக் குருவாகப் பணிபுரிந்தார். யேல் அளிக்க முன்வந்த இறையியற் பேராசிரியர் பதவியை மறுத்துச் சட்டம் பயின்று, 1784இல் ஜோர்ஜியாவிற் குடியேறினார். தந்தை இறந்தபின் கடனைத் தீர்த்ததும், இளையோரைப் படிப்பித்ததும் இவரே, மணம் செய்தாரல்லர்.

ஜோர்ஜியா அன்று காடு மண்டிய எல்லைப்புறம். அந்நாட்டுக்கு இவர் பல்கலைக்கழகச் சாசனம் ஒன்று வரைந்தார். 1785 ஜனவரி 27ஆம் நாள் சட்டசபை அதனை ஏற்றது. 40,000 ஏக்கர் நிலமும் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டிடம் இல்லை, மாணவர் இல்லை. தலைவர் மட்டும் உண்டு. அவர் போல்ட்வினே! பதினாறாண்டு கழிந்து, 1801இலேதான் ஏதென்ஸ் என்னும் ஊரில் வகுப்புத் தொடங்கிற்று. அப்போது தலைமையைத் தம் பழைய மாணவர் யோசையா மெய்க்ஸிடம் ஒப்படைத்தார்.

இடையே 1787இல், பிலடெல்பியா அரசியலமைப்பு மாநாட்டில், மூதவையிலே சிறிய மாநிலங்களுக்கும் சமவாக்கு வேண்டுமா என்ற வழக்கு முற்றியது. போல்ட்வின் அளித்த வாக்கினால் ஜோர்ஜியா இரண்டுபட, வாக்குகள் ஐந்துக்கு ஐந்தாகச் சமமாயின. சமரசத்துக்கு வழி பிறந்தது. பின்னர் அம்மூதவையின் உறுப்பினராயிருந்தே 1807இற் காலமானார்.

சமயங் காரணமாக எவரையும் கல்வியினின்று விலக்கலாகாது என்றது அவர் சாசனம். அடிமைப்பட்ட கறுப்பின மக்களையோ அவ்வுரிமை எட்டவில்லை. அவ்வினத்து மாணவர் இருவர் முதன்முதலாக அங்கே காலடி வைத்தது 1961இல். அதுவும் நீதிமன்றத்தின் ஆணை பெற்றே.