ஒரு குட்டித் தொப்பியின் பெரிய கதை

குழந்தை பிறந்திருக்கிறது என்று செய்தி வந்ததும், பார்க்கப் போகிறவர்கள் வாங்கிச் செல்லும் பொருட்களில் ஒன்று குட்டித் தொப்பி. கடையில் முயல் காது வைத்தது, கம்பளிக் குஞ்சம் வைத்தது, தாடைக்குக் கீழே நாடா கட்டுவது என்று ஏகப்பட்ட ரகங்கள் இருக்கும். எது அழகோ அதை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுவார்கள். ஆனால் இந்தச் சின்னத் துணியை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதைதான் இது.

தலை ஏன் இத்தனை முக்கியம்?

பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். தீக்காயத்தின் பரப்பைக் கணக்கிட லண்ட், பிரவுடர் என்ற இரு மருத்துவர்கள் 1944-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். அதன்படி வளர்ந்த மனிதரின் தோல் பரப்பில் தலையின் பங்கு 7 சதவீதம். கைக்குழந்தைக்கோ 19 சதவீதம்! அதோடு குழந்தை பிறக்கும்போது உடல் முழுக்க ஈரம். அந்த ஈரம் உலரும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக் கொண்டு போகிறது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூட்டை உண்டாக்கவும் பச்சிளங் குழந்தைக்குத் தெரியாது. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். குறைமாதக் குழந்தையிடம் அந்தச் சேமிப்பும் குறைவு.

ஆகவே தலையை மூட வேண்டும் என்று பழைய காலத்தவர் நினைத்ததில் தவறில்லை. எவ்வளவு மூடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது.

லண்டன் படிவத்தில் நான்கு தலைத்துணிகள்

கேப்டன் தாமஸ் கோரம் என்பவரின் முயற்சியால் 1739-ல் லண்டனில் ‘ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்’ தொடங்கப்பட்டது. பெயரில் ஹாஸ்பிடல் இருந்தாலும் அது மருத்துவமனை அல்ல. வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளுக்கான இல்லம். 1741-ல் முதல் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அச்சிட்ட படிவம் உண்டு. பேரேட்டில் பதிவது போலக் குழந்தை என்னென்ன உடுத்தி வந்தது என்று அதில் எழுதுவார்கள். அந்தப் பட்டியலின் முதல் நான்கு வரிகளும் தலைக்கானவையே: தொப்பி, ‘பிக்கின்’ என்ற இறுக்கமான உள்தொப்பி, நெற்றித் துணி, தலைத் துணி. உடம்பையும் நீளமான துணியால் இறுக்கிச் சுற்றுவது அன்றைய வழக்கம்.

அந்தப் படிவத்தோடு துண்டுத் துணி ஒன்றையும் இணைத்து வைத்தார்கள். தாய் என்றாவது திரும்பி வந்தால் தன் குழந்தையை அடையாளம் காட்ட அது உதவும். 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282 பேர். அவர்களில் பெற்றவர்கள் திரும்பி வந்து அழைத்துப் போனது 152 பேரை மட்டுமே. சுமார் 5,000 துணித் துண்டுகள் இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

துணியைக் குறைக்கச் சொன்னவர்கள்

இந்த இல்லத்தின் நிர்வாகி ஒருவருக்கு டாக்டர் வில்லியம் கேடகன் எழுதிய நீண்ட கடிதம் 1748-ல் நூலாக வந்தது. குழந்தைகளின் மேல் இத்தனை துணியை ஏற்றுவதும் இறுக்கிக் கட்டுவதும் கெடுதல் என்பது அவர் வாதம். பணக்கார வீட்டுக் குழந்தை துணிச் சுமையில் வாட, போர்த்த ஒன்றிரண்டு கந்தல் மட்டுமே உள்ள ஏழைத்தாயின் குழந்தை நன்றாக வளர்கிறது என்று அவர் சுட்டிக் காட்டினார். 1762-ல் பிரான்சில் ரூசோ தன் ‘எமில்’ நூலில் தலைக்கட்டும் வேண்டாம், சுற்றுத் துணியும் வேண்டாம் என்று எழுதினார். (அதே ரூசோ தன் ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அநாதை இல்லத்தில் விட்டவர் என்பது வரலாற்றின் வேடிக்கை.)

இவர்கள் சொன்னது ஆரோக்கியமான குழந்தைக்குப் பொருந்தியது. எடை குறைந்து பிறந்த குழந்தை என்ன செய்யும்? அதற்கு விடை வேறு இடத்திலிருந்து வந்தது.

கோழிக்குஞ்சு கற்றுத் தந்த பாடம்

பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே, உயிரியல் பூங்காவில் கோழி முட்டைகளை அடைகாக்கும் வெப்பப் பெட்டியைப் பார்த்தார். அதைப் போல ஒன்றைக் குழந்தைகளுக்குச் செய்யச் சொல்லி, 1880-களின் தொடக்கத்தில் தன் மருத்துவமனையில் வைத்தார். 2,000 கிராமுக்குக் குறைவான குழந்தைகளின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தது என்று 1883-ல் வெளியான அறிக்கை சொன்னது. சூடு என்பது வெறும் சௌகரியம் அல்ல, சிறிய குழந்தைக்கு அது உயிர் என்று உலகம் புரிந்து கொண்டது அப்போதுதான்.

ஆனால் எத்தனை டிகிரி சூடு என்று துல்லியமாகச் சோதித்துப் பார்க்க 1958 ஆனது. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் குழுவினர் குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை 28.9 டிகிரியிலும் இன்னொரு பிரிவை 31.7 டிகிரியிலும் வைத்தார்கள். வித்தியாசம் மூன்று டிகிரி கூட இல்லை. குளிர்ந்த பெட்டியில் பிழைத்தவர்கள் சுமார் 68 சதவீதம். வெதுவெதுப்பான பெட்டியில் சுமார் 84 சதவீதம்!

பெட்டி இல்லாத ஊரில்

எல்லா ஊரிலும் இன்குபேட்டர் வாங்கப் பணம் உண்டா? கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்க வைக்கும் நிலை இருந்தது. 1978-ல் டாக்டர் எட்கர் ரே அங்கே ஒரு வழி சொன்னார். குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துக் கட்டி வைப்பது. இதுதான் ‘கங்காரு முறை’. இதில் குழந்தைக்கு இடுப்புத் துணி, காலுறை, தலைக்கு ஒரு தொப்பி போதும். உடம்புக்குத் தாயின் சூடு, வெளியே தெரியும் தலைக்குத் தொப்பி. எத்தனை எளிமையான கணக்கு!

1997-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, பிரசவ அறை குறைந்தது 25 டிகிரி இருக்க வேண்டும், குழந்தையை உடனே துடைக்க வேண்டும், தாயோடு அணைத்து வைத்துத் தலையை மூட வேண்டும் என்றது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே கங்காரு முறையைத் தொடங்கிய சிறு குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். இந்திய மையம் டெல்லியில் இருந்தது.

தொப்பி மட்டும் மந்திரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், மெல்லிய பின்னல் தொப்பியால் மட்டும் தெளிவான பலன் தெரியவில்லை. உடம்பைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையால் பலன் தெரிந்தது.

கழற்றவும் தெரிய வேண்டும்

சூட்டைக் காக்கும் அதே தலைதான், சூடு அதிகமானால் அதை வெளியேற்றும் வழியும். தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகள் பற்றிய ஆய்வுகளை 2008-ல் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் 24.6 சதவீதம் பேரின் தலை மூடியிருந்தது. அதே வயதுள்ள மற்றக் குழந்தைகளில் 3.2 சதவீதம்தான். இது போர்வை பற்றிய கணக்கு, தொப்பி பற்றியது அல்ல. ஆனாலும் தலை மூடியிருப்பதும் அதிகச் சூடும் ஆபத்து என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-ல் அறிவுறுத்தியது.

ஆக, தொப்பி வாங்கப் போகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. மென்மையான பருத்தி, உள்ளே உறுத்தாத தையல், கண்ணுக்கும் மூக்குக்கும் சரிந்து வராத அளவு. நாடா, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். குழந்தையின் மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள், சூடாகவோ வியர்வையாகவோ இருந்தால் கழற்றி விடுங்கள். வீட்டில் தூங்கும்போது தொப்பி இல்லாமல் தூங்கட்டும். எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவர் சொல்வதே கணக்கு.

1741-ல் லண்டன் படிவத்தில் தலைக்கு நான்கு துணிகள். இன்று ஒன்று, அதுவும் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மணி நேரம்தான். இவ்வளவு சின்ன மாற்றத்துக்குப் பின்னால் எத்தனை குழந்தைகளின் உயிர் இருக்கிறது என்பதை, அடுத்த முறை கடையில் அந்தக் குட்டித் தொப்பியைக் கையில் எடுக்கும்போது ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.