மதுப் பீப்பாயில் பிறந்த மின்படிகம்

அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை உயிர்ப்பொருள்களிலிருந்து ஆக்குவது இந்நூற்றாண்டின் புதுமை என்றே பலரும் எண்ணுவர். வரலாறோ வேறு விதமாகக் கூறுகின்றது.

1880-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர் இவ்வியல்பைக் கண்டறிந்தனர். படிகத்தின் அணுவடுக்கு நடுவிலிருந்து எதிரெதிரே ஒத்திராவிடில், அழுத்தும்போது நேர்மின்னும் எதிர்மின்னும் தம் நிலையினின்றும் விலகும். அவ்விலகலே மின்னழுத்தமாக வெளிப்படும். அவர்கள் சோதித்தவற்றுள் குவார்ட்ஸ் முதலிய கற்களோடு கரும்புச் சர்க்கரையும் ரோஷல் உப்பும் இருந்தன.

ரோஷல் உப்பு, திராட்சை மதுப் பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் பொருளிலிருந்து செய்யப்பெறுவது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு லா ரோஷல் நகரத்து மருந்தாளர் ஒருவர் அதனைப் பேதி மருந்தாக ஆக்கினார். ஊர்ப்பெயரே உப்பின் பெயராயிற்று. குவார்ட்சினும் பன்மடங்கு மின்விளைவு உடையதாதலின், 1930-களில் அது இசைத்தட்டுக் கருவிகளிலும் ஒலிவாங்கிகளிலும் இடம்பெற்றது. ஊசியின் அதிர்வு படிகத்தை அழுத்த, பாட்டு மின்னாக மாறிற்று.

ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை. ஈரக் காற்றில் அது கரையும். மிக வறண்ட காற்றில் தன்னகத்துள்ள நீரை இழந்து பொடியும். ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சிதையும். எனவே, 1950-களில் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டெடுத்த பீங்கான் முன்னணிக்கு வந்தது. ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அது எளிதில் தளராது. ஆனால், அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். மழலையரின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஈயம் என்பது தெளிவான உண்மை. 2006-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோதும், ஈடான மாற்றுப்பொருள் இன்மையால் இப்பீங்கானுக்கு விலக்கு அளித்தது.

இதற்கிடையே, ஜப்பானிய அறிஞர் எய்இச்சி ஃபுக்காடா 1955-இல் மரத்திலும், 1957-இல் யசுதா என்பாருடன் எலும்பிலும் இதே விளைவைக் கண்டிருந்தார். அவ்வழியில், 2018-இல் அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறரும் கிளைசின் படிகங்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். கிளைசின், புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களுள் மிக எளியது, ஈயமற்றது, மண்ணில் மக்கக்கூடியது. அதன் பீட்டா வடிவம் ஒரு திசையில் வியப்பூட்டும் மின்விளைவு தருகின்றது.

எனினும், அவ்வடிவம் ஈரம் பட்டால் வேறு வடிவமாக மாறிவிடும். ரோஷல் உப்பைத் தோற்கடித்த பகை கிளைசினின் வாயிலிலும் நிற்கின்றது. அன்று ஈரத்துக்கு அஞ்சி ஈயத்தை நாடினர். ஈரம் புகாமல் காக்கும் உறை கைகூடினாலன்றி, அந்நஞ்சை விட்டு விலகுதல் எளிதன்று.