ஒரு வாக்குச்சீட்டு, இரண்டு தீர்ப்புகள்

தேர்தல் என்றதும் ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்களிலோ, வேட்பாளர்களின் பெயர்களைத் தாங்கிய அதே வாக்குச்சீட்டில் சட்டம் பற்றிய கேள்வி ஒன்றும் இடம்பெறுவதுண்டு. இதனை ஏற்கிறீரா, மறுக்கிறீரா என்று அது வாக்காளரை நேரடியாகக் கேட்கிறது. சில மாநிலங்களில் குடிமக்களே கையொப்பம் திரட்டி இக்கேள்வியை எழுப்பலாம். வேறு சிலவற்றில் சட்டமன்றம் மட்டுமே எழுப்பலாம். கருக்கலைப்பைப் பற்றி இவ்வாறு மக்களிடம் கேட்டால், விடை சொல்ல வரும் கூட்டம் சட்டமன்றத்தின் அமைப்பையும் மாற்றிவிடும் என்று சிலர் நம்பினர், சிலர் அஞ்சினர். அரைநூற்றாண்டு வரலாறு அந்த நம்பிக்கையையும் அச்சத்தையும் முழுமையாக மெய்ப்பிக்கவில்லை.

மிச்சிகன் மாநிலத்திலிருந்து தொடங்குவோம். 1972 நவம்பர் 7 அன்று அம்மாநில மக்கள்முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: கருவுற்ற முதல் 20 வாரங்களுக்குள் மருத்துவர் கருக்கலைப்புச் செய்வதைச் சட்டம் அனுமதிக்கலாமா? ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் மறுத்தனர். வடக்கு டகோட்டாவிலும் அதே நாளில் இத்தகைய கேள்வி இன்னும் பெரிய வேறுபாட்டில் தோற்றது. ஆனால் கருக்கலைப்பு அன்று கட்சிகளைப் பிரிக்கும் கோடாக இருக்கவில்லை. அதை எதிர்த்த கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவை. எனவே கேள்விக்குக் கிடைத்த விடை எந்தக் கட்சியின் வெற்றியாகவும் எண்ணப்படவில்லை.

அந்த விடை நெடுநாள் நிலைக்கவும் இல்லை. 1973 சனவரி 22 அன்று, வாக்களித்த 76-ஆம் நாள், 'ரோ எதிர் வேட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மாநிலச் சட்டங்களை ஒதுக்கித் தள்ளியது. அதன் பின்னரே கட்சிகள் இக்கேள்வியில் எதிரெதிர் அணிகளாயின. 1980-இல் குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கை, பிறவாத குழந்தையைக் காக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்தது. ஜனநாயகக் கட்சியின் அறிக்கையோ நீதிமன்றத் தீர்ப்பை ஆதரித்தது.

2022 சூன் 24 அன்று அதே உச்ச நீதிமன்றம் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கி, பிரச்சினையை மாநிலங்களிடமே திருப்பி ஒப்படைத்தது. ஆறு வாரங்களுக்குள் முதல் சோதனை வந்தது. கான்சாஸ் மாநில அரசியல் சட்டம் கருக்கலைப்பு உரிமையைத் தருகிறது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியிருந்தது. அந்த உரிமை இல்லை என்று அறிவிக்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் மக்கள்முன் வைத்தது. அதற்கெனத் தேர்ந்தெடுத்த நாள், வழக்கமாகக் குறைந்தோரே வாக்களிக்கும் ஆகஸ்டு மாத வேட்பாளர் தேர்வு நாள். கத்தோலிக்க மறைமாவட்டங்கள் திருத்தத்துக்கு ஆதரவாகப் பல லட்சம் டாலர் அளித்தன. ஆனால் வாக்காளர் திரண்டு வந்தனர். ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் திருத்தத்தை மறுத்தனர்.

மூன்று மாதம் கழித்து, நவம்பரில் அதே மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஜனநாயகக் கட்சி ஆளுநர் லாரா கெல்லி சிறு வேறுபாட்டில் மீண்டும் வென்றார். ஆயினும் 125 இடங்கள் கொண்ட கீழவையில் குடியரசுக் கட்சி 86-லிருந்து 85 ஆகக் குறைந்ததே தவிர, அதன் மூன்றில் இரண்டு பங்கு வலிமை குலையவில்லை. 2023-இல் அந்த வலிமையைக் கொண்டே, ஆளுநர் ஒப்புதல் மறுத்த கருக்கலைப்புச் சட்டங்களை அவை நிறைவேற்றியது.

மிச்சிகனில் நடந்தது வேறு. அங்கே குடிமக்கள் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். கருக்கலைப்பு உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கும் திருத்தம் 2022 நவம்பர் 8 அன்று ஏறத்தாழ 57 விழுக்காட்டு வாக்குகளுடன் நிறைவேறியது. அதே நாளில் ஜனநாயகக் கட்சி கீழவையை 56-54 என்றும், மேலவையை 20-18 என்றும் கைப்பற்றியது. ஆளுநர் பதவியும் இரு அவைகளும் ஒருசேர அக்கட்சியின் கைக்கு வந்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அதுவே முதன்முறை. திருத்தமே இதைச் செய்தது என்று பலர் எழுதினர். ஆனால் 2018-இல் மற்றொரு மக்கள் வாக்கெடுப்பின்வழி அமைந்த குடிமக்கள் ஆணையம், தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்திருந்தது. 2022 தேர்தல்தான் அப்புதிய எல்லைகளில் நடந்த முதல் தேர்தல். ஒரு கேள்வி மக்களைத் திரட்டலாம். திரண்ட வாக்குகள் இடங்களாக மாற எல்லைகளும் இடம்கொடுக்க வேண்டும்.

2024 இதனை மேலும் தெளிவாக்கியது. மிசௌரி மாநிலத்தில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்தை ஏற்றனர்; அதே நாளில் 58 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் டொனால்டு டிரம்புக்கு வாக்களித்தனர்; சட்டமன்றம் குடியரசுக் கட்சியிடமே நிலைத்தது. அரிசோனாவில் திருத்தத்துக்கு ஏறத்தாழ 62 விழுக்காடு ஆதரவு. குடியரசுக் கட்சியோ இரு அவைகளிலும் தன் இடங்களைக் கூட்டிக்கொண்டது. திருத்தம் ஏதுமின்றி அவ்வாண்டுத் தேர்தலைச் சந்தித்த மிச்சிகனில் கீழவை மீண்டும் குடியரசுக் கட்சிக்குத் திரும்பியது.

இதன் காரணம் என்ன? பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் வரி, விலைவாசி, பள்ளி, குடியேற்றம், கட்சிப் பற்று என்னும் பலவற்றையும் ஒரே பெயருக்குள் அடக்கித் தீர்ப்பளிக்க வேண்டியுள்ளது. தனிக்கேள்வியோ அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துத் தருகிறது. அதற்குத் தனியே விடை சொல்லிவிட்டவர், தம் கட்சியை விட்டு விலகவேண்டிய நெருக்கடியிலிருந்து விடுபடுகிறார். கட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டும் என்று கருதப்பட்ட கேள்வி, பல இடங்களில் கட்சிக்கே நிம்மதி தந்தது இவ்வாறுதான்.

ஆனால் இந்த நிம்மதியில் ஓர் ஆபத்தும் உண்டு. திருத்தத்தின் சொற்களை மக்கள் எழுதுகின்றனர். அவற்றுக்கு நடைமுறையில் பொருள் தருவோர் பிரதிநிதிகளும் நீதிபதிகளுமே. மிசௌரி சட்டமன்றம் 2025 மே மாதத்திலேயே, முன்னாண்டுத் திருத்தத்தை நீக்கும் கேள்வியை மீண்டும் மக்கள்முன் வைக்கத் தீர்மானித்தது. ஒரே கையால் இரண்டு தீர்ப்புகளை எழுதிய வாக்காளர், அவை ஒன்றையொன்று மோதும்போது எதனைத் தம் உண்மையான குரல் என்பார்?

கருவின் உயிரைக் காக்க விழைவோரும் இவ்வரலாற்றை அமைதியாகப் படித்தல் நன்று. 1972-இல் மிச்சிகனில் 61 விழுக்காட்டினர் ஒருபுறம் நின்றனர். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அதே மண்ணில் அப்புறம் நின்றோர் 43 விழுக்காட்டினர் மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் பெருமுயற்சிகள் நீதிபதிகளையும் பிரதிநிதிகளையும் தேடிச் சென்றன. அம்முயற்சிகள் 2022-இல் நீதிமன்றத்தில் வென்றன. அந்த வெற்றி மக்களிடம் திரும்பி வந்தபோதோ, அவர்களுள் பெரும்பாலோர் வேறிடத்தில் நின்றனர். அவையில் பெற்ற பெரும்பான்மை ஒன்று, மனச்சான்றுகளில் பெற்ற இணக்கம் வேறொன்று. முன்னதைத் தேர்தல் ஈட்டித் தரும். பின்னதையோ, அச்சத்தோடு மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணின் அருகே யார் நின்றார்கள், எவ்வளவு காலம் நின்றார்கள் என்பதே தீர்மானிக்கும்.