காயல் துறைமுகம்

தூத்துக்குடி – திருச்செந்தூர் சாலையில், தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்பாக, உப்பளங்களுக்கு நடுவே அமைந்த ஊர் பழையகாயல். பாண்டியரின் குதிரை வாணிகத்துக்குப் பெயர்பெற்ற காயல் துறைமுகம் இதுவே என்று மொழியறிஞர் கால்டுவெல் நிறுவினார். தெற்கே உள்ள காயல்பட்டினமே அது என்போரும் உண்டு. ஆற்றின் போக்கைப் பார்த்தால் கால்டுவெல் கூற்றே பொருந்துகிறது.

காயலுக்கு முன் பாண்டியரின் துறைமுகமாக இருந்தது கொற்கை. சங்கப் புலவர்கள் முத்துக்காகப் பாடிய கொற்கையைப் பெரிப்ளூஸ் நூலும் தாலமியின் நூலும் ‘கொல்கொய்’ என்று குறித்தன. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. இன்று கொற்கையில் நிற்பவருக்குக் கடல் தெரியாது. வயலும் குளமும் வாழைத் தோட்டமும்தான் தெரியும். பொதிகையிலிருந்து ஆறு கொண்டுவந்த வண்டல் ஆண்டுதோறும் கழிமுகத்தில் படிந்து கரையைக் கிழக்கே தள்ளியது. கப்பல் நிற்கும் ஆழம் போனதும் வணிகர்கள் ஆற்றைப் பின்தொடர்ந்து கடலை நோக்கி நகர்ந்தார்கள். காயல் பிறந்தது அப்படித்தான்.

பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் காயல் உச்சத்தில் இருந்தது. 1293 வாக்கில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்மூஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரையும் பிற சரக்கும் ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இங்கே நிற்கும் என்று எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கையே தருகிறார்: கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம்; குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். அவருடைய உடன்பிறந்தவரான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்து இத்துறையைக் கவனித்தார். வாங்கிய குதிரைகளோ நிலைக்கவில்லை. லாடம் அடிக்க ஆளில்லை. வேகவைத்த இறைச்சியும் சோறும் தீவனமாகப் போடப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மாண்டன என்கிறார் போலோ. பாண்டிய நாட்டுப் பொன்னில் எவ்வளவு இந்த வழியாக மேற்கே சென்றிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

கால்டுவெல் 1870களில் இங்கே சுற்றியபோது, உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் நெடுந்தூரம் இறைந்து கிடந்ததைக் கண்டார். கிழக்கே சீனம், மேற்கே பாரசீகம் என இருபக்கத்துக் கப்பலும் வந்த ஊரின் எச்சம் அது. கொற்கைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் கிடைத்த அகழாய்வுக் கவனத்தில் பாதியாவது காயலுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1498இல் வாஸ்கோ ட காமாவுடன் வந்தவர்களின் குறிப்பிலும் காயல் முத்து இடம்பெறுகிறது. ஆனால் துறை மறுபடி தூர்ந்துகொண்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறையில் கால்பதித்தபோது தளமாகக் கொண்டது, ஆற்றின் வாயிலேயே இருந்த புன்னைக்காயலை. பரதவர் கத்தோலிக்கம் தழுவிய பிறகு இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சேவியர் இக்கரை ஊர்களில் நடந்து திரிந்தார். அவருக்குப் பின் வந்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்து, தமிழ் கற்று, மருத்துவமனை அமைத்து, 1600இல் அங்கேயே இறந்தார். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழாக்கியது. 1578இல் கொல்லத்தில் அச்சேறியது.

ஆறு புன்னைக்காயலையும் விடவில்லை. மணல் மேடிட்டு வந்த அந்த வாயைவிட, தீவுகள் காத்த தூத்துக்குடி பாதுகாப்பாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வணிகம் அங்கே போய்விட்டது. 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரர் கைப்பற்றியபோது காயலுக்காகச் சண்டையிட யாருமில்லை.

1873இல் தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு முடிந்தபின், ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் இதுவே கடைசி என்பதால், இருபுறக் கால்வாய்களும் எடுத்துக்கொண்டு மிஞ்சும் நீரே கழிமுகத்துக்கு வருகிறது. கோடையில் வரத்து நின்றால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி, கரையோரக் கிணறுகளைக் கெடுக்கிறது. மழைக்காலத்தில் நிலைமை வேறு. 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்ய, இக்கழிமுகச் சமவெளியே வெள்ளக்காடானது. பழையகாயலில் இன்று உப்பளங்களும், அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலையும் இருக்கின்றன. மீன்பிடித்தல் புன்னைக்காயலில் தொடர்கிறது.