ஜெட் எஞ்சினில் பனிப்படிக உறைவு

உயரப் பறக்கும் விமானத்தின் எஞ்சின், இடிமேகத்தின் நுண்ணிய பனிப்படிகங்களை உள்ளிழுக்க, அவை உள்ளே கட்டியாக உறைந்து உந்துவிசையைக் குலைப்பது. பனி என்றதும் குளிர்நாடு நினைவுக்கு வரும். இதுவோ பெரிதும் வெப்பமண்டலத்துச் சங்கதி. கயத்தாறு, கோவில்பட்டி கரிசல்காட்டில் சித்திரை வெயில் காய்ந்த பிற்பகல்களில் எழும் கோடையிடி மேகம் 12 கி.மீ.க்கு மேலும் வளரக்கூடும். கீழே புழுதி பறக்கும். விமானங்கள் செல்லும் 11 கி.மீ. உயரத்தில் ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி.

குளிர்ந்த இறக்கையில் இப்படிகங்கள் ஒட்டுவதில்லை, பட்டுத் தெறித்துவிடும். வினை எஞ்சினின் சூட்டில்தான் இருக்கிறது. கம்ப்ரசரில் அழுந்திச் சூடேறும் காற்றில் படிகங்கள் அரைகுறையாக உருகி, தகடுகளை நனைக்கின்றன. அந்த ஈரத்தில் அடுத்தவை ஒட்டிக்கொள்கின்றன. உருகத் தேவையான வெப்பத்தை உலோகத்திடமே பறிப்பதால் தகடு உறைநிலைக்கு இறங்கி, பனி கட்டுகிறது. கட்டி பெயர்ந்தால் சுழலும் அலகுகள் சேதமாகலாம், எரியறையில் சுடர் அணையலாம்.

விமானியின் ரேடாரில் மழைத்துளி பளிச்செனத் தெரியும். படிகம் அநேகமாகத் தெரியாது. சூடேற்றப்பட்ட முன்கண்ணாடியில் பட்டு உருகுவதால், மைனஸ் 40 டிகிரியிலும் மழை பெய்வதுபோல் இருக்கும். வெளிவெப்பமானி பூஜ்யத்தைக் காட்டிப் பொய் சொல்லும்.

2013 ஜூலையில் சீனாவின் செங்டு அருகே ஒரு போயிங் 747-8 சரக்கு விமானம் இதில் சிக்கியது. ஹாங்காங்கில் பத்திரமாக இறங்கியபின் மூன்று எஞ்சின்களில் சேதம் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில், ஜிஇஎன்எக்ஸ் எஞ்சின் கொண்ட 747-8, 787 விமானங்கள் படிகமுள்ள இடிமேகத்திலிருந்து 50 கடல்மைல், அதாவது சுமார் 93 கி.மீ., விலகிச் செல்ல வேண்டுமென அறிவுறுத்தப்பட்டது. கயத்தாற்றின் மேல் அப்படியொரு மேகம் நின்றால் தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் எல்லாம் விலக்கு வட்டத்துக்குள் வரும், மதுரை தப்பும். ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோ–டெல்லி தடத்திலிருந்து 787ஐ விலக்கிக்கொண்டது. ஏர் இந்தியாவின் 787களிலும் இதே வகை எஞ்சின்தான்.

பின்னர் மென்பொருள் மாற்றப்பட்டது: படிகத்தை உணர்ந்ததும் எஞ்சின் தன் காற்றுக் கதவுகளைத் திறந்து அதை வெளியே தள்ளும். புதிய எஞ்சின்களுக்கான அமெரிக்கச் சான்றளிப்பு விதிகளில் பனிப்படிகச் சூழல் 2015இல்தான் சேர்ந்தது. ஆனாலும் இடிமேகத்தைச் சுற்றிப் போவதே இன்றும் உறுதியான காப்பு. அதனால் விமானம் தாமதமானால் பயணிகள் முணுமுணுக்க நியாயமில்லை.