1948இன் இரு விடைகள்: மதுவிலக்குச் சட்டமும் மதுமீட்பு மருந்தும் – திண்டிவனத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

குடிப்பழக்கத்திற்கு 1948ஆம் ஆண்டில் இருவேறு விடைகள் முன்வைக்கப்பட்டன. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக்காலத்தில், அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று, சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், குடிப்பவரின் உடலே மதுவை ஏற்காதவாறு செய்யும் டைசல்பிராம் என்னும் மருந்தைப் பற்றிய டென்மார்க் ஆய்வாளர்களின் அறிக்கை வெளியாயிற்று. முதல் விடை தமிழகத்தின் அரசியல் வரலாறாக விரிவாக எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது விடைக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் இக்கட்டுரை, மதுமீட்பில் மருந்தின் பயன் அதன் வேதியியலை மட்டும் சார்ந்ததன்று என்றும், நோயாளியின் ஒப்புதலோடு அதனை அருகிருந்து கொடுக்கும் ஒருவரையும் சார்ந்தது என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மதுவிலக்கு, ஓமந்தூரார், டைசல்பிராம், நால்ட்ரெக்சோன், மதுச்சார்பு, உழைச்செல்வான், மஞ்சக்குடி, மரக்காணம்

முன்னுரை

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். இடையில் நிற்பது சூது. கள்ளுண்பதை வள்ளுவர் நாணிழப்பாகவும் அறிவிழப்பாகவும் பேசுகிறார். மருந்து அதிகாரமோ நோயின் முதலை நாடி அறியும் முறையைப் பேசுகிறது. கள் ஓர் ஒழுக்கச் சிக்கல், மருந்து உடல் தொடர்பானது என்னும் இப்பகுப்பு தமிழ்ச் சிந்தனையில் நெடுங்காலம் நிலைத்தது. மதுச்சார்பை ஒரு நோயாகக் கருதி அதற்கு மருந்து தரலாம் என்னும் எண்ணம் இவ்விரு அதிகாரங்களையும் இணைத்துப் படிக்கக் கோருகிறது.

அவ்வாறு படிக்குங்கால் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் சிறப்பிடம் பெறுகிறது. மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை அது வகுக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுக்கும் உழைச்செல்வான். இந்நான்காம் உறுப்பே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

மதுவிலக்கின் தருக்கம்

தமிழகத்தின் மதுவிலக்கு வரலாறு பொதுவாக இராஜாஜியிடமிருந்து தொடங்கப்படுகிறது. திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குப் பரப்புரைக்கென்றே ‘விமோசனம்’ இதழை அவர் நடத்தினார். கல்கி அவருக்குத் துணைநின்றார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். போர்க்காலத்தில் இடையறவு ஏற்பட்டது. 1946 முதல் மதுவிலக்கு மீண்டும் படிப்படியாக விரிந்து, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் தழுவியது. அப்போது பிரதமர் பொறுப்பிலிருந்தவர் (1947 மார்ச் – 1949 ஏப்ரல்) ஓமந்தூரார்.

இச்சட்டத்தின் தருக்கம் எளியது: மது கிடைக்காவிடில் குடி நின்றுவிடும். கடையை மூடுவதும், கள்ளச்சாராயத்தைத் தடுப்பதும், மீறுவோரைத் தண்டிப்பதும் அதன் கருவிகள். பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்துவந்த ஒருவரின் உடல், மது திடீரென நின்றதும் என்னவாகும் என்னும் வினா அதன் மையத்தில் இடம்பெறவில்லை. கைந்நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, வலிப்பு, உருவெளித்தோற்றம், மனக்குழப்பம் என முற்றும் விலகல் அறிகுறிகள் உயிரையும் போக்கவல்லவை. இன்று அவற்றைத் தணிக்கப் பயன்படும் குளோர்டையசெப்பாக்சைடு 1960இல்தான் விற்பனைக்கு வந்தது. எனவே 1948இன் சட்டம் மருத்துவத்தைப் புறக்கணித்தது என்று குற்றஞ்சாட்டுவது காலமுரணாகும். ஆயினும் மருந்துகள் கிடைத்த பின்னரும் கடையைத் திறப்பதா மூடுவதா என்பதே விவாதத்தின் எல்லையாக நீடித்தது குறிப்பிடத்தக்கது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974இல் திரும்ப வந்தது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

மருந்து என்னும் சொல்லே மதுவிலக்குக் காலத்தில் வேறு பொருளில் வழங்கிற்று. அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் கூறு, மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்றி மது நுகரப்படுவதை விலக்க அரசு முயலவேண்டும் என்கிறது. அங்கே மருந்து விலக்கிற்கு ஒரு விதிவிலக்கு. நடைமுறையிலும் அவ்வாறே ஆயிற்று. மருத்துவச் சான்றைக் காட்டி ‘பர்மிட்’ பெற்றவர்கள் இருந்தனர். மதுச்சாரம் கலந்த இஞ்சித் தைலம் ‘ஜிஞ்சர் பெரிஸ்’ என்னும் பெயரில் மருந்துக்கடை வழியாகக் குடிப்பொருளாயிற்று. மது மருந்தின் வேடத்தில் உலவியது. மதுவிலிருந்து மீட்கும் மருந்து பொதுப்பேச்சில் இடம்பெறவில்லை.

திண்டிவனம் வட்டாரத்திற்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிருவாகத்தில் இருந்தது. அதன் பின்னரும் மதுக்கொள்கையில் தனி ஆட்சிப்பகுதியாகவே நீடிக்கிறது. மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்குக் கண்ட பிரதமரின் சொந்த ஊர், அச்சட்டம் செல்லாத எல்லைக்கு அண்மையில் இருந்தது. கிடைப்பதைத் தடுத்தால் போதும் என்னும் தருக்கத்தின் வரம்பை இவ்வட்டாரத்தின் நிலவியலே காட்டுகிறது.

டென்மார்க்கிலிருந்து வந்த விடை

இனி, அதே 1948இல் வெளியான இரண்டாவது விடையைக் காண்போம். டைசல்பிராம் மதுவை எண்ணி உருவாக்கப்பட்ட பொருளன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட அது, பின்னர் ரப்பரைப் பதப்படுத்தும் தொழிலில் பயன்பட்டது. இதே வகை வேதிப்பொருளைக் கையாளும் தொழிலாளர்களால் மதுவைத் தாங்க முடியவில்லை என்பதை அமெரிக்கத் தொழிற்சாலை மருத்துவர் ஈ. ஈ. வில்லியம்ஸ் 1937இல் பதிவுசெய்தார். இராஜாஜியின் சட்டமும் இப்பதிவும் ஒரே ஆண்டின என்பது தற்செயல் ஒற்றுமை.

கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் அப்பொருளைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்துவந்தனர். மாத்திரையைத் தாமே உட்கொண்டிருந்த நிலையில் மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் எடுத்ததை அவர்கள் கண்டனர். உடலில் மதுச்சாரம் முதலில் அசிட்டால்டிகைடாக மாறுகிறது. பின்னர் அதுவும் சிதைக்கப்படுகிறது. டைசல்பிராம் இவ்விரண்டாம் படியைத் தடுப்பதால் அசிட்டால்டிகைடு தேங்கி உடலை வருத்துகிறது. ஓலுஃப் மார்ட்டென்சன்-லார்சன் இதனை நோயாளிகளிடம் பயன்படுத்தினார். இவர்களின் அறிக்கைகள் 1948 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. 1951இல் அமெரிக்காவில் இம்மருந்து ஏற்பளிக்கப்பட்டது. தொடக்கத்தில் மிகுந்த அளவில் தரப்பட்டதால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. பின்னர் அளவு குறைக்கப்பட்டது.

கூர்ந்து நோக்கின் டைசல்பிராமும் ஒருவகை விலக்கே. சட்டம் ஊரெல்லையில் வைத்த தடையை இம்மருந்து உடலுக்குள் வைக்கிறது. அச்சமே இரண்டிற்கும் கருவி. பின்னர் வந்த மருந்துகள் இத்தருக்கத்திலிருந்து விலகின. அபினிச்சார்புக்கென 1984இல் அமெரிக்க ஏற்புப் பெற்ற நால்ட்ரெக்சோன், 1992இல் வெளியான இரு ஆய்வுகளின் பின்னர் 1994இல் மதுச்சார்புக்கும் ஏற்கப்பட்டது. அது குடியில் விளையும் இன்பத்தையும் வேட்கையையும் தணிக்கிறது. 1989இல் பிரான்சில் அறிமுகமான அக்காம்புரோசேட், குடியை விட்டபின் மூளையில் எஞ்சும் பதற்றத்தைச் சமன்செய்ய உதவுவதாகக் கருதப்படுகிறது. இவை குடிப்பவரை ஒறுப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒரே மாத்திரை, இரு முடிவுகள்

மருந்தின் ஆற்றல் அம்மருந்திலேயே முழுமையாக அடங்கியிருக்குமாயின் எங்குக் கொடுத்தாலும் ஒத்த பயன் விளையவேண்டும். அவ்வாறு விளையவில்லை என்பதை இரு ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ரிச்சர்ட் ஃபுல்லர் குழுவினர் 605 ஆண்களிடம் நிகழ்த்திய ஆய்வு 1986இல் வெளிவந்தது. தொடர்ந்து குடியாதிருப்பதில் டைசல்பிராம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காரணம் அவ்வாய்விலேயே உள்ளது: மருந்தை ஒழுங்காக உட்கொண்டோர் ஐந்தில் ஒரு பங்கினரே.

மும்பையில் டிசோசா மருத்துவர்கள் 100 ஆண்களிடம் ஓராண்டுக் காலம் டைசல்பிராமையும் நால்ட்ரெக்சோனையும் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியாயிற்று. டைசல்பிராம் பெற்றோருள் 86 விழுக்காட்டினரும் நால்ட்ரெக்சோன் பெற்றோருள் 44 விழுக்காட்டினரும் மீண்டும் குடிக்குத் திரும்பவில்லை. மருந்து உட்கொள்வதை உறுதிசெய்யக் குடும்ப உறுப்பினர் ஒருவர் உடனிருந்தோரே இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எம்மருந்து என்பது இருதரப்பும் அறிந்தே நடந்த ஆய்வு இது. எனவே எல்லாச் சூழலுக்கும் இதனைப் பொதுமைப்படுத்த இயலாது. வேட்கையைக் குறைப்பதில் நால்ட்ரெக்சோனே மேம்பட்டிருந்தது. எனினும் இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. தனித்து விடப்பட்டவரின் கையில் பயனற்றுப்போன மாத்திரை, உழைச்செல்வான் உள்ள வீட்டில் பயன் தந்தது.

மஞ்சக்குடியின் வழி

தமிழகத்தில் இந்நான்காம் உறுப்பை ஊரளவில் அமைத்துக்காட்டிய முயற்சி ஒன்று உண்டு. கணவரை மதுவிற்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நகர மருத்துவமனைக்கு வர இயலாத உழைக்கும் மக்களுக்காக 1989இல் மஞ்சக்குடியில் அதன் ஊரக முகாம் தொடங்கிற்று. ஊராரின் துணையுடன் நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். விலகல் அறிகுறிகளுக்கான மருத்துவத்துடன் குழு ஆலோசனை, குடும்பத்தாருக்கான அமர்வு, முகாமிற்குப் பிந்தைய தொடர்கண்காணிப்பு ஆகியன இணைந்தன. குடியை விட்டவரைக் காக்கும் பொறுப்பை மனைவி ஒருத்தியின் மேல் ஏற்றாமல் ஊரும் பங்கிட்டுக்கொண்டதே இதன் சிறப்பு.

இப்பங்கீடு இன்றியமையாதது. மதுவிலக்குச் சட்டம் கண்காணிக்கும் வேலையைக் காவலரிடம் தந்தது. மருந்து அதனைப் பெரும்பாலும் மனைவியிடம் தருகிறது. குடியினால் அடிபட்டவளே காலையில் மாத்திரையை நீட்டவேண்டியவளும் ஆகிறாள். அவன் மறுத்தால் சினத்திற்கு இலக்காவதும், மீண்டும் குடித்தால் பழிக்கு ஆளாவதும் அவளே. உழைச்செல்வாள் ஒருத்திக்கு ஊதியமில்லை, பயிற்சியில்லை, பாதுகாப்புமில்லை.

ஒப்புதலின்றித் தரப்படும் மருந்து

இச்சுமையின் மற்றொரு விளைவு, கணவனுக்குத் தெரியாமல் குழம்பிலோ காப்பியிலோ பொடியைக் கலந்துவிடுவது. அவ்வாறு செய்யலாம் என விளம்பரப்படுத்தி விற்கப்படும் பொருள்களும் உள்ளன. டைசல்பிராம் இவ்வாறு தரப்படுமானால், உண்டதை அறியாமல் குடிக்கும் ஒருவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிரிழப்பு நேரலாம். இதயநோய், கல்லீரல் நோய் உள்ளோருக்கு இடர் மிகுதி. அறத்தின் நோக்கிலும் இது பிழை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுப்பயன்பாட்டினால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்து, சிகிச்சைக்கு அறிந்து தரும் ஒப்புதலை வலியுறுத்துகிறது. டைசல்பிராம் அச்சத்தின் வழியே செயற்படுவது. அவ்வச்சத்தை நோயாளி அறிந்திராவிடில் அது மருந்தாகாது, நஞ்சாகிவிடும். வள்ளுவர் வகுத்த நான்கினுள் நோயுற்றவனே முதல் உறுப்பு. அவனை நீக்கிவிட்டு மற்ற மூன்றும் இயங்க இயலாது.

மரக்காணத்திற்குப் பின்

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் உயிர்களைப் பறித்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அதே வேளையில் இறந்தோரையும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு இடங்களும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இத்தகைய வேளைகளில் நச்சுமுறிவு மருந்துகள் விரைந்து தேடப்படுகின்றன. மெத்தனால் நஞ்சுக்கு எத்தனாலோ ஃபோமெபிசோலோ உரிய நேரத்தில் தரப்பட்டால் உயிரும் பார்வையும் காக்கப்படலாம். ஆனால் நச்சுமுறிவு சில நாள்களில் முடிந்துவிடும். சார்பு வீடுவரை உடன்செல்கிறது.

நடுவணரசின் சார்பில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுச்சார்பு உடையோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மருந்து இல்லாமையன்று இதன் காரணம். மருந்திற்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள தொலைவே. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மருத்துவரை மாவட்டந்தோறும் கொண்டுசெல்லும் கட்டமைப்பிற்கு இங்கு முன்னோடி உண்டு. அருகிருந்து கொடுப்பவருக்கே இன்னும் கட்டமைப்பு வேண்டும்.

முடிவுரை

1948இன் இரு விடைகளும் தத்தம் அளவில் குறைபட்டவை. சட்டம் மதுவைக் கண்டது, மனிதனின் உடலைக் காணவில்லை. மருந்து உடலைக் கண்டது, அவ்வுடல் வாழும் வீட்டைக் காணவில்லை. ஃபுல்லர், டிசோசா ஆய்வுகளும் மஞ்சக்குடி முகாமும் அவ்விடைவெளியைச் சுட்டுகின்றன. காசநோய் மருந்தை நேரடிக் கண்காணிப்பில் கொடுக்கும் முறை நமது ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்குப் புதிதன்று. மதுச்சார்புக்கும், நோயாளியின் ஒப்புதலோடு, ஊர்ச் செவிலியர் கையால் மாத்திரை தரப்படுமானால் மனைவியின் சுமை குறையும். பொடி கலக்கும் இடரும் குறையும். ஓமந்தூராரின் அரசு மாகாணம் முழுமைக்கும் ஒரே நாளில் ஒரு விடையைத் தர முயன்றது. அவர் பிறந்த வட்டாரத்திற்கு இன்று தேவைப்படுவது, நாள்தோறும் ஒவ்வொருவருக்காகத் தரப்படும் சிறு விடை.